பாட்டும் படுகளமும்: வேடமேற்கும் போரின் இருவடிவம்

போரைப் பாடுதல் தமிழ்ப் புலவரின் மிகப் பழைய தொழில். தொல்காப்பியர் புறத்திணையியல் வகுத்த நாள் தொட்டு, வெட்சி முதலாய திணைகளையும் அவற்றின் துறைகளையும் ஆராய்ந்தோர் பலர். பரணியைப் போரிலக்கியமாகக் கொண்டு ஆராய்ந்தோரும் உளர். இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் போர் எங்ஙனம் பாடப்பெற்றது என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தன. பாடப்பெற்ற அதே போரை மக்கள் தம் உடம்பின்கண் ஏற்று ஆடுவராயின், அப்போரின் வடிவம் என்னாம்? இவ்வினாவிற்கு விடை தேடுதற்கு ஏற்ற இடம் கொங்குநாடு என்பது என் கருத்து.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என இன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கும் கொங்குநாட்டு ஊர்களில் அண்ணன்மார் கதையை அறியாதார் அரியர். மக்கள் அதனை அண்ணமார் கதை என்றே வழங்குவர். பொன்னர் சங்கர் கதை என்ற பெயரும் உண்டு. குன்றுடையானுக்கும் தாமரைக்கும் மக்களாகிய பொன்னர், சங்கர் என்னும் இருவரும், அவர்தம் தங்கை தங்காளும், துணைவன் சாம்புவனும், பகைவராகிய வேட்டுவரும் இதன் மாந்தர். பெரியகாண்டியம்மன் இக்கதைக்குரிய தெய்வம். மணப்பாறையை அடுத்த வீரப்பூர் இதற்குரிய களம். இக்கதையின் போர் ஈரிடத்து நிகழ்கின்றது. ஒன்று, உடுக்கையொலியோடு இரவில் பாடப்பெறும் பாட்டின்கண். மற்றொன்று, படுகளம் என்னும் சடங்கின்கண். முன்னதைப் பனுவல் எனக் கொண்டு போற்றுகின்றோம். பின்னதை வழிபாட்டின் ஒரு பகுதி என ஒதுக்கி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இரண்டொரு பக்கம் தந்து அமைகின்றோம். இவ்வொதுக்கம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. படுகளம் பாட்டின் நிழலன்று; அதே போரின் வேறொரு பாடம்.

இதனை நிறுவுதற்கு முன், வேறொரு துறையினின்று ஓர் ஒப்புமையைக் கொணர விரும்புகின்றேன். துறை புதிது, தமிழாய்விதழில் அதற்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். கணிப்பொறியிலும், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பெறும் கன்சோல் என்னும் பொறியிலும் இன்றைய இளைஞர் ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளையே குறிக்கின்றேன். ஆடுவோன் ஒரு கதைமாந்தனின் வேடத்தை மேற்கொண்டு, அவன் வழியே பேசியும் வழிச்சென்றும் போர் புரிந்தும் கதையை நடத்திச் செல்லுதல் இவ்வகையின் இலக்கணம். இவற்றுட் சில, ஒரே கதையும் ஒரே மாந்தரும் உடையனவாய் இருபொறிக்கும் வெளிவந்துள்ளன. கதை மாறாதிருப்பப் போர் மட்டும் மாறுகின்றது. ஓர் ஏட்டின் பாடவேறுபாடுகளைக் கணித்துப் பழகிய நம்மனோர்க்கு இது விருந்தாகும் பொருளே.

கணிப்பொறியும் கன்சோலும்

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்னும் ஆட்டத்தை முதற்கண் நோக்குவோம். தலைவனொருவனும் துணைவர் மூவருமாக நால்வர் களம் புகுவர். கணிப்பொறிப் பாடத்தில் மவுஸின் உருளையைப் பின்னோக்கி உருட்டக் காட்சி மேலெழும். களம் முழுதும் பருந்தின் கண்ணிற் பட்டதுபோல் விரியும். ஒரு கட்டையை அழுத்தினால் போர் அசைவற்று நின்றுவிடும். ஓங்கிய வாள் ஓங்கியவாறே நிற்கும். அந்நிலையில் நால்வரையும் தனித்தனியே தேர்ந்து, இவன் வாயிலை அடைத்து நிற்க, இவள் பின்னின்று மந்திரம் விடுக்க என ஏவிய பின்னர், மீண்டும் கட்டையை அழுத்தினால் நின்ற போர் நடக்கும். கன்சோல் பாடத்தில் அம்மேற்காட்சி இல்லை. காட்சி வீரனின் முதுகுக்குப் பின்னேயே தங்கும். அதனைச் சுழற்றலாம், களத்திற்கு மேலே உயர்த்தல் இயலாது. போரை நிறுத்துதல் அங்கும் உண்டு. ஆயினும் வட்டமாய் விரியும் பட்டியொன்றினின்று ஒரு செயலைத் தேர்ந்துகொள்ளுதற்கே அது பெரிதும் பயன்படும்.

‘டயாப்லோ 3’ இதனினும் தெளிந்த சான்று. பிளிசார்டு நிறுவனத்தார் இதனைக் கணிப்பொறிக்கு 2012 மே மாதத்திலும், கன்சோலுக்கு 2013 செப்டம்பரிலும் வெளியிட்டனர். முன்னதில் ஆடுவோன் நிலத்தில் ஓரிடத்தைச் சுட்டுவான். வீரன் அவ்விடம் நோக்கி நடப்பான். சுட்டுதல் ஒருவன் தொழில், நடத்தல் மற்றொருவன் தொழில். பின்னதில் கைப்பிடியிலுள்ள சிறுகோலைக் கட்டைவிரல் எத்திசை சாய்க்கின்றதோ, அத்திசையில் வீரன் அக்கணமே நகர்வான். கணிப்பொறிப் பாடத்தில் இல்லாத செயலொன்றும் கன்சோல் பாடத்திற் புதிதாகச் சேர்ந்தது: மற்றொரு கோலைச் சாய்த்தால் வீரன் உருண்டு விலகி அடியினின்று தப்புவான். ஒரு பாடத்தில் இல்லாத அடி மற்றொரு பாடத்தில் மிகுந்து காணப்படுவது ஏட்டுச்சுவடிகளில் நாம் நாளும் காண்பதன்றோ? சுவடியில் அத்தகு மிகையடியை இடைச்செருகல் என்று தள்ளிவிடுகின்றோம். ஈண்டு அங்ஙனம் தள்ளல் ஆகாது. சுட்டுவோனுக்கு உருளல் வேண்டா. வீரனோடு ஒட்டி நிற்போனுக்கு அது வேண்டும். நிற்கும் நிலை மாறியதால் செயல் பிறந்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பொறியின் ஆற்றல் என்று கருதுவோர் உளர். அது முழுதும் சரியன்று. கணிப்பொறியிலேயே கைப்பிடியை இணைத்து ஆடுவாரும் கன்சோலில் ஆடுவாரைப் போன்றே நிற்பர். 2023 ஆகஸ்டில் கணிப்பொறிக்கும் அடுத்த மாதமே கன்சோலுக்கும் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இதனை நன்கு காட்டும். அதன் போர் முறைவைத்து நடப்பது. ஒருவர் முறை முடியும் வரை மற்றவர் காத்திருப்பர். காலம் காத்து நிற்பதால் இருபாடங்களுக்கும் வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டது. எனவே போரின் வடிவை உறுதி செய்வன இரண்டு: ஆடுவோன் கையில் உள்ள கருவி ஒன்று, காலம் அவனுக்காக நிற்குமா நில்லாதா என்பது மற்றொன்று. கன்சோல் என்றாலே விரைவு, கணிப்பொறி என்றாலே அமைதி எனப் பொதுவிதி கூறலும் பிழை. சப்பானில் 1986-இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ கன்சோல் ஆட்டமே. சில பொத்தான்களே உடைய கைப்பிடிக்கு ஏற்ப, தாக்குதல், மந்திரம், ஓடுதல் எனச் செயல்களைப் பட்டியாக்கித் தந்து, ஒவ்வோரடியையும் எண்ணிச் செய்யுமாறு அமைத்தனர் அதனைப் படைத்தோர்.

இவற்றினின்று இரண்டு சொற்களை ஆக்கிக்கொள்கின்றேன். மேலிருந்து நோக்கிக் காலத்தை நிறுத்தி வீரரைச் செலுத்துதல் ‘ஏவற்போர்’. வீரனோடு ஒன்றி, நில்லாத காலத்தில் அவன் அடியைத் தன் அடியாக ஏற்றல் ‘ஆதற்போர்’. இவ்விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோருள் ஒரு சாரார் ஏவற்போரே அறிவார்ந்தது, மற்றது விரலின் விரைவிற்குரிய சிறுமை என்பர். என் மாணவருள்ளும் இக்கட்சியார் உண்டு. நம் துறையில் பாட்டை உயர்த்திப் படுகளத்தைத் தாழ்த்துவதும் இதே மனப்பாங்கின் விளைவு என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பாட்டின்கண் போர்

உடுக்கைப் பாட்டில் முதற்பாடகர் ஒருவர்; பின்பாட்டுப் பாடுவார் ஒருவரேனும் உடனிருப்பர். பாட்டும் உரையும் மாறிமாறி வரும். கதையை நகர்த்துதற்கு உரை. ஓரிடத்தில் நின்று உணர்வைப் பெருக்குதற்குப் பாட்டு. பாட்டு எழும் இடத்தில் கதைக்காலம் நின்றுவிடுகின்றது என்பதனை நேரிற் கேட்டோர் அறிவர். வாளை உருவிய வீரன் உருவியவாறே நிற்ப, அவ்வாளின் சிறப்பும் குதிரையின் நடையும் தங்கையின் கண்ணீரும் பாடப்பெறும். மீண்டும் உரை தொடங்கியதும் வாள் இறங்கும். போரை நிறுத்தும் கட்டை பாடகரின் கையில் உடுக்கையாய் அமைந்துள்ளது எனலாம்.

காலத்தைப் போன்றே இடமும் பாடகரின் ஆட்சிக்குட்பட்டது. கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாடும் பகுதி இதற்குச் சான்றாம். கொம்பன் வேட்டுவர் வளர்த்த விலங்கு. சோழநாட்டு வேளாண்மையை அழிக்க வந்தது. அதனை அடக்கச் சங்கர் படையோடு செல்கின்றான். செல்லுங்கால் பொன்னாச்சி என்னும் சிறிய பெட்டைநாயை மறந்து வீட்டில் விட்டுச் செல்கின்றான். வேட்டைக்களத்தில் தொல்லைகள் தொடர, பாடகர் களத்தை விட்டு நீங்கி, வீட்டில் மனம் புழுங்கிக் கிடக்கும் நாயிடம் வந்துவிடுகின்றார். நாயின் சீற்றமே களத்தின் தொல்லைக்குக் காரணம் என்பது கேட்போர்க்குப் புலனாகின்றது; களத்தில் நிற்கும் சங்கருக்குப் புலனாகவில்லை. பின்னர் அந்நாயே வந்து பன்றியைக் கடித்து வீழ்த்த உதவுகின்றது. களத்தையும் வீட்டையும் ஒருங்கே காண வல்ல உயரத்தில் கேட்போரை வைத்தால் அன்றி இச்சுவை பிறவாது. இக்கதையின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பேன்.

அவ்வுயரம் பகைவரையும் காட்டுகின்றது. வேட்டுவரின் கூட்டத்திற்குள்ளும் பாடகர் சென்று வருகின்றார். காடு தமது என்னும் அவர்தம் வழக்கும் பாட்டில் இடம்பெறுகின்றது. இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். வேட்டுவரை முற்றும் கொடியராக்கிக் கூறும் அச்சுநூல்களை மட்டும் கற்று, அதுவே கதை எனக் கொள்ளுதல் தகாது. காட்டிற்கும் கழனிக்கும் இடையே நிகழ்ந்த நெடும்பூசலின் இருபுறமும் இக்கதையில் உள்ளன.

சங்கரின் முடிவும் இம்மேற்காட்சியிலேயே சிறக்கின்றது. அண்ணன்மாருக்கு வாழ்நாள் பதினாறு ஆண்டே என்பது அவர்கள் பிறக்குமுன் விதிக்கப்பட்டது. வன்னிமரத்தருகே மாயவனின் அம்பு தைத்தபோது, தன் நாள் முடிந்தமை உணர்ந்து சங்கர் தன் வாள்மேல் தானே வீழ்கின்றான். பின்னர்ப் பொன்னரும் அவ்வாறே வீழ்கின்றான். பகைவன் கொல்லவில்லை. பாடகரும் கேட்போரும் முன்பே அறிந்த முடிவை வீரன் இறுதியில் அறிந்துகொள்கின்றான்.

படுகளத்தின்கண் போர்

படுகளம் என்னும் சொல்லுக்கு வீரர் பட்ட களம் என்பது பொருள். வீரப்பூர்த் திருவிழாவிலும், அண்ணன்மார் கோயில் உள்ள கொங்கு ஊர்களிலும் இது நிகழும். பாட்டு வளர்ந்து வீரர் வீழும் கட்டத்தை அடையுங்கால், கூடியிருப்போருள் அருள் வந்தோர் நிலத்தில் வீழ்வர். உணர்வற்றுக் கிடக்கும் அவர்களை இறந்தாரைப் போற்றுமாறு கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுவர். பின்னர்த் தங்காளின் நிலையில் நிற்பவர் நீர் தெளிக்க, அவர்கள் எழுவர்.

ஈண்டு உயரம் இல்லை; களத்திற்கு அப்பால் ஓர் இடமும் இல்லை. வீழ்ந்து கிடப்போனுக்குப் பொன்னாச்சியின் சீற்றம் தெரியாது, வேட்டுவரின் வழக்கும் தெரியாது. வீழ்வோர் அண்ணன்மார் பக்கத்தாராகவே வீழ்வர். காலமும் எவருக்காகவும் நிற்பதில்லை. பாட்டில் ஓரிரவு முழுதும் விரித்துரைக்கத்தக்க இறப்பு, படுகளத்தில் ஒருகணத்து நிகழ்ந்துவிடுகின்றது. எவர் வீழ்வார், எப்போது வீழ்வார் என்பதனைப் பாடகர் முடிவு செய்தல் இயலாது. ஆதற்போரின் இலக்கணம் முழுதும் இங்கே பொருந்தக் காண்கின்றோம்.

எனினும் விளையாட்டோடு படுகளம் முற்றும் ஒவ்வாது. ஒவ்வாமையே இவ்வொப்பீட்டில் மிகுந்த பயன் தருவது. கன்சோலில் உருண்டு விலகுவது வீழாமைப் பொருட்டு. வீழ்தல் ஆண்டுத் தோல்வி. படுகளத்தில் எவரும் வெல்ல முயல்வதில்லை, வீழ்தலே பேறு. முன்கூறிய ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ ஆட்டத்தில் போரில் வீழ்ந்த துணைவர், எஞ்சியோர் வென்றவுடன் தாமே எழுந்து நிற்பர், காயமொன்று மட்டும் உடலில் தங்கி, மருந்திடும் வரை அவர்தம் ஆற்றலைக் குறைக்கும். எழுப்புதற்கு ஒரு தங்கை வேண்டுவதில்லை. அவ்விளையாட்டைப் படைத்தோர் வீழ்ச்சிக்கு ஒரு விலை வைத்தனர்; அழுவதற்கு ஒருவரை வைத்திலர். அதன் போர் எத்துணைத் திறம்பட அமைந்திருப்பினும், இறப்பு ஆண்டு கணக்காகி விடுகின்றது.

பாட்டிற்கும் படுகளத்திற்கும் உள்ள பெருவேறுபாடும் இவ்வெழுச்சியிலேயே உள்ளது. பாட்டில் தங்காள் அண்ணன்மார் பட்ட களத்தைத் தேடி வந்து, தெய்வத்தின் அருளால் அவர்களை எழுப்புகின்றாள். அவர்கள் எழுந்து அவளோடு சிறிது பேசுகின்றனர். பின் மீண்டும் மாய்கின்றனர். அவ்வெழுச்சி பிரிவின் துயரைப் பெருக்குதற்கே அமைந்தது. படுகளத்தில் எழுந்தவர் மீண்டும் வீழ்வதில்லை. எழுந்து, தம் வீட்டிற்குச் செல்கின்றனர். ஒரே நிகழ்ச்சி ஒரு பாடத்தில் இரங்கலாயும் மறு பாடத்தில் மீட்சியாயும் முடிகின்றது. படுகளம் பாட்டின் நடிப்பு மட்டுமே எனின், முடிவு மாறியதற்குக் காரணம் காட்டல் வேண்டும். காரணம் வெளிப்படை. பாட்டைக் கேட்போன் சங்கரை இழக்கின்றான், ஆதலின் அழுகின்றான். படுகளத்தில் வீழ்ந்தோன் சங்கராய் வீழ்ந்து தானாய் எழுகின்றான்; அவனை அவன் மனைவி மக்கள் திரும்பப் பெறுகின்றனர்.

மெய்ப்பாட்டுக் கொள்கைக்கு எழும் வினா

ஆடுவோனிடத்துத் தோன்றிய உணர்ச்சி காண்போனைச் சென்று சேர்தலே சுவை என்னும் கருத்தைத் தொல்காப்பிய உரையாசிரியர் வழியாக அறிகின்றோம். இளம்பூரணர் இதற்குச் செயிற்றியத்தை மேற்கோள் காட்டுவர். சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, உள்ளக்குறிப்பு, உடல்வழி வெளிப்படும் விறல் என நான்காய்ப் பகுத்து, எண்சுவைக்கும் முப்பத்திரண்டாக விரிக்கும் முறையும் அறிந்ததே. இக்கொள்கை முழுதும் ஆடுவோன், காண்போன் என இருநிலங்களை வேண்டி நிற்பது.

கலிங்கத்துப்பரணியில் இவ்விருநிலமும் அழகுற அமைந்துள்ளன. கலிங்கக் களத்தினின்று வந்த பேய் போரை எடுத்துரைப்ப, காளி கேட்கின்றாள். பின்னர்த் தானே களத்திற்குச் சென்று காண்கின்றாள். கேட்டலும் காண்டலும் அங்கு வேறுவேறு உறுப்புகள். ஆயினும் இரண்டிலும் காளி காண்போளே. அவள் கருணாகரனாகவோ வீழ்ந்த கலிங்க வீரனாகவோ ஆகின்றிலள்.

படுகளத்தில் வீழ்ந்தோனிடத்து விறல் உண்டு. அவன் உடல் நடுங்குவதையும் விறைப்பதையும் எவரும் காணலாம். உள்ளக்குறிப்பை அவன்பால் தேடின் அகப்படாது. எழுந்தபின் வினவினால் நினைவில்லை என்பவரே பலர். அவன் ஆடுவோனா, காண்போனா? கைப்பிடியைப் பற்றி வீரனோடு உருண்டு தப்பும் இளைஞனும் இவ்வினாவிற்கு உரியவனே; அவன் தானே செய்து தானே காண்கின்றான். மவுஸால் ஏவுவோனுக்கு இவ்விடர்ப்பாடு குறைவு. அவன் காண்போன் நிலத்திலேயே பெரும்பாலும் நிற்கின்றான். திரையில் உள்ள வீரர் ஆடுவோர். எனவே பழைய கொள்கை ஏவற்போரை இனிது விளக்கும். ஆதற்போர்க்கு அது போதாது. போதாமையைக் கூறுதல் தொல்லாசிரியரைக் குறைகூறல் ஆகாது. கூத்தின் இலக்கணம் கூறப்புகுந்தார், அருள்வந்து வீழ்தலின் இலக்கணம் கூறிற்றிலர் என்பதே கருத்து. வேலன் வெறியாட்டைத் திணையுள் அடக்கிய மரபினராகிய நாம், அதன் மெய்ப்பாட்டை இன்னும் வரையறுத்திலேம் என்பது வியப்பிற்குரியது.

பதிப்பும் பதிவும்

அண்ணன்மார் கதையைக் கவிஞர் சக்திக்கனல் 1971-இல் பதிப்பித்தார். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1965-இல் இக்கதையை ஒலிப்பதிவு செய்து, 1982-இல் ஆங்கிலத்தில் ஆய்வுநூலும், 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாக மூலமும் வெளிவரச் செய்தார். ஒரே பாடகர் அவையில் நிகழ்த்திப் பாடியதனையும், எழுதிக்கொள்ளுமாறு சொல்லியதனையும் அவர் தனித்தனியே கொண்டு ஒப்பிட்டமை பெரிதும் பாராட்டத்தக்கது. ஒருவர் வாயினின்றே இருவடிவம் பிறத்தலை அவர் காட்டினார். பின்னர் இக்கதையை 26 பகுதிகளாக அசைவூட்டப் படமாகவும் ஆக்கினார். மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ புதினமும், அதன்வழி 2011-இல் வந்த திரைப்படமும் கதையை நாடறியச் செய்தன. ஆயினும் அவை இரண்டும் காண்போர்க்கென அமைந்த வடிவங்களாதலின் ஈண்டு விரித்திலேன்.

இவ்வனைத்தும் பாட்டின் பக்கத்தன. படுகளத்தைப் பற்றிய குறிப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் பாட்டின் அடிகளோடு படுகளத்தின் நிகழ்ச்சிகளை நேர்க்கு நேர் வைத்துக் காட்டும் பதிப்பு நமக்கு வேண்டும். இனி இதனை ஆயப்புகும் மாணவர், ஒலிப்பதிவுக் கருவியைப் பாடகர் முன் மட்டும் வைத்தல் போதாது. பாட்டின் எவ்வடியில் முதல்வர் வீழ்ந்தார், அவ்வேளை உடுக்கை நின்றதா தொடர்ந்ததா, வீழ்ச்சி கண்டு பாடகர் தாம் பாடவேண்டிய அடிகளைச் சுருக்கினாரா நீட்டினாரா, எழுப்புங்கால் பாடப்பெறும் அடிகள் தங்காளின் கூற்றா பாடகரின் கூற்றா, பாட்டில் வரும் இரண்டாம் இறப்பு படுகளம் எழுந்தபின் பாடப்பெறுகின்றதா அன்றி விடப்படுகின்றதா என்பனவற்றை ஊர்தோறும் குறித்தல் வேண்டும். இவற்றுள் இறுதியிற் கூறிய வினாவே முதலில் விடை காணத்தக்கது. அவ்விரண்டாம் இறப்பைப் பாடாது விடும் ஊர்கள் உளவாயின், ஆண்டுப் படுகளம் பாட்டைத் திருத்தி அமைத்துள்ளது என்பது தானே பெறப்படும்.